கொதிநிலை என்னும் எல்லை

உலை கொதிப்பதைக் காணாத வீடு இல்லை. கேத்தலில் நீர் இரைவதும், பானையிற் சோறு பொங்குவதும், தாச்சியில் எண்ணெய் சலசலப்பதும் நாள்தோறும் காணும் காட்சிகள். பழகிய பொருளை ஆராய்ந்து பார்ப்பார் சிலரே. அதனாற் கொதித்தலைப் பற்றி இரண்டு எண்ணங்கள் மக்களிடையே வேரூன்றி நிற்கின்றன. அடுப்பை மேன்மேலும் எரித்தாற் கொதிக்கும் நீர் மேன்மேலும் சூடேறும் என்பது ஒன்று. எந்த நீரையும் கொதிக்கவைத்துவிட்டால் அது குடித்தற்குத் தகுந்ததாகிவிடும் என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் விறகையும் எரிவாயுவையும் வீணாக்குகின்றது. இரண்டாவது சில இடங்களிற் குழந்தைகளின் உயிருக்கே ஊறு செய்யக்கூடியது. இவ்விரண்டின் மெய்ம்மையையும் அறியவேண்டுமாயின், கொதிநிலை என்பது யாது, அது பொருளுக்குப் பொருள் வேறுபடுவது ஏன் என்பவற்றை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

அடுப்பில் வைத்த நீரிற் கொதித்தல் திடீரென்று தொடங்குவதில்லை. முதலிற் பாத்திரத்தின் சுவரிற் சிறு குமிழிகள் தோன்றுகின்றன. இவை நீராவிக் குமிழிகள் அல்ல. நீரிற் கரைந்திருந்த காற்று சூட்டினால் வெளியேறுவதே இது. அடுத்து, அடியிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழிகள் எழுகின்றன. மேலேயுள்ள நீர் இன்னும் போதிய சூடு பெறாமையால் அக்குமிழிகள் இடைவழியிலேயே ஒடுங்கி மறைகின்றன. கேத்தல் கொதிக்கும் முன் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் இக்குமிழிகள் ஒடுங்கும் ஓசையே. இறுதியில் நீர் முழுவதும் உரிய சூட்டை அடைந்ததும் குமிழிகள் மேற்பரப்பு வரை வந்து வெடிக்கின்றன. இரைச்சல் தணிந்து தளதளவென்ற ஒலி எழுகின்றது. இதுவே கொதித்தல்.

நீர் ஆவியாதற்குக் கொதிக்கவேண்டும் என்பதில்லை. கொடியிற் போட்ட சேலை நிழலிலும் உலர்கின்றது. குளம் கோடையில் வற்றுகின்றது. திரவத்தின் மூலக்கூறுகள் ஓயாது அசைந்துகொண்டே இருப்பவை. அவற்றுள் வேகம் மிக்கவை மற்றவற்றின் பிடியை அறுத்துக்கொண்டு மேற்பரப்பிலிருந்து வெளியேறுகின்றன. இவ்வாறு வெளியேறும் ஆவி ஓர் அமுக்கத்தை உண்டாக்கும். அதனை ஆவியமுக்கம் என்பர். வெப்பநிலை உயர உயர ஆவியமுக்கமும் உயரும். நீரின் ஆவியமுக்கம் 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் இரச உயரத்துக்குச் சமம். 60 பாகையில் அது 149 மில்லிமீற்றர். 80 பாகையில் 355 மில்லிமீற்றர். 100 பாகையில் 760 மில்லிமீற்றர். கடல் மட்டத்திற் காற்று எல்லாப் பொருள்கள் மீதும் செலுத்தும் அமுக்கமும் 760 மில்லிமீற்றரே. ஆவியமுக்கம் காற்றின் அமுக்கத்துக்கு ஈடாகும்போது, திரவத்தின் உள்ளே தோன்றும் குமிழி நசுங்காமல் நிலைத்து மேலெழ முடிகின்றது. அவ்வெப்பநிலையே அத்திரவத்தின் கொதிநிலை. ஆகவே உள்ளிருந்து தள்ளும் ஆவியும் வெளியிலிருந்து அமுக்கும் காற்றும் சமநிலை அடையும் எல்லை என்று அதனைக் கூறலாம்.

இவ்வெல்லையை அடைந்த பின் அடுப்பை எவ்வளவு எரித்தாலும், திறந்த பாத்திரத்திலுள்ள நீரின் வெப்பநிலை உயர்வதில்லை. கொடுக்கும் வெப்பம் எங்கே போகின்றது? மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து ஆவியாக்குவதிலேயே அது செலவாகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து அறிஞர் யோசேப்பு பிளாக் இதனை ஆராய்ந்து மறைவெப்பம் எனப் பெயரிட்டார். ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 70 கலோரி போதும். அதே நீரை 100 பாகையில் ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆதலின் உலை கொதித்த பின் அடுப்பைத் தணித்து எரிக்கும் இல்லத்தரசி எரிபொருளைச் சேமிக்கின்றாள். சோறு வேகும் நேரம் அதனாற் கூடுவதில்லை. வெந்நீர் பட்ட புண்ணைவிட நீராவி பட்ட புண் கொடியதாக இருப்பதற்கும் இம்மறைவெப்பமே காரணம். தோலிற் பட்டு நீராகும் ஆவி, தான் மறைத்து வைத்திருந்த வெப்பம் முழுவதையும் அவ்விடத்திலேயே இறக்கிவிடுகின்றது.

நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆயினும் அது கடல் மட்டத்துக்கே முற்றும் பொருந்தும். சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் அன்டர்சு செல்சியசு 1742 ஆம் ஆண்டிலே தம் வெப்பமானி அளவைத் திட்டத்தை வெளியிட்டபோது, நீரின் கொதிநிலை காற்றின் அமுக்கத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் காட்டினார். அவர் தொடக்கத்திற் கொதிநிலைக்குப் பூச்சியமும் உறைநிலைக்கு நூறும் என்று குறித்திருந்தார் என்பது புதுமையான செய்தி. இன்று நாம் வழங்கும் முறை பின்னர்த் தலைகீழாக மாற்றப்பட்டது.

மலைமீது ஏற ஏறக் காற்றின் அமுக்கம் குறையும். குறைந்த அமுக்கத்துக்கு ஈடாகக் குறைந்த ஆவியமுக்கமே போதும். எனவே ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை தாழ்கின்றது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிற் கொதிக்கும். இமயத்தின் எவரெஸ்ட் உச்சியிலோ 70 பாகையை அடுத்தே கொதித்துவிடும். கொதிக்கும் நீர் எங்கும் ஒரே சூடுடையது என்று எண்ணுவோர் மலைநாட்டிற் பருப்பு வேகத் தாமதிப்பதைக் கண்டு பருப்பைக் குறை கூறுவர். குறை பருப்பில் இல்லை.

இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1835 ஆம் ஆண்டிலே சாள்ஸ் டார்வின் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரைக் கடந்தபோது, உருளைக்கிழங்குகள் பல மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. பானை இரவு முழுவதும் நெருப்பிலே இருந்தது. காலையில் மீண்டும் கொதிக்க வைத்தும் பயனில்லை. உடன்சென்ற இருவர் புதிதாக வாங்கிய பானைக்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை என்ற முடிவுக்கு வந்தனர். காரணம் பானை அன்று. அங்கே காற்றின் அமுக்கம் குறைந்திருந்ததே. மலைகளின் உயரத்தைக் கணிப்பதற்கு நீரின் கொதிநிலையை அளக்கும் வெப்பமானியையே ஆய்வாளர் நெடுங்காலம் பயன்படுத்தினர் என்பதும் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது.

அமுக்கம் குறையக் கொதிநிலை தாழுமாயின், அமுக்கம் கூட அது உயர்தல் வேண்டும் அன்றோ? பிரான்சு நாட்டிற் பிறந்த டெனிசு பப்பின் 1679 ஆம் ஆண்டிலே இறுக மூடிய பாத்திரம் ஒன்றை அமைத்து, அதிலே எலும்பையும் மென்மையாகும்படி வேகவைத்துக் காட்டினார். ஆவியின் அமுக்கம் அளவு கடந்து பாத்திரம் வெடிக்காதிருக்க, அதற்கு ஒரு காப்பு வாயிலையும் பொருத்தினார். இன்று சமையலறைகளில் உள்ள அமுக்கச் சமையற்கலம் அதன் வழித்தோன்றலே. இக்கலத்தில் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதியாது சூடேறுகின்றது. உணவு விரைவில் வேகின்றது. மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளைத் தூய்மையாக்கும் கலங்களும் இவ்வகையினவே. சாதாரணக் கொதிநீரில் அழியாத சில கிருமிகளின் வித்துகள் 121 பாகை நீராவியில் அழிகின்றன. ஆகையால் அறுவைக் கருவியை வெறும் வெந்நீரிற் போட்டெடுத்தல் போதாது.

இனி, பொருளுக்குப் பொருள் கொதிநிலை வேறுபடுவதன் காரணத்தைக் காண்போம். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஈலியம் பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகையிற் கொதிக்கின்றது. 1908 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னசு என்பவரே அதனை முதன்முதலிற் திரவமாக்கினார். நைதரசன் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையிலும், ஒட்சிசன் பூச்சியத்துக்குக் கீழ் 183 பாகையிலும் கொதிக்கின்றன. எதைல் அற்ககோலின் கொதிநிலை 78 பாகை. இரசத்தினது 357 பாகை. கந்தகத்தினது 445 பாகை. இரும்பு 2,800 பாகைக்கு மேலும், தங்குதன் 5,500 பாகைக்கு மேலும் சூடேறினாலன்றிக் கொதிப்பதில்லை. வெளியிலிருந்து அமுக்கும் காற்று எல்லாவற்றுக்கும் ஒன்றே. வேறுபடுவது உள்ளே மூலக்கூறுகள் அல்லது அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி. பிடி தளர்ந்ததாயிற் சிறு சூடும் பிரித்துவிடும். இறுகியதாயிற் பெருஞ்சூடு வேண்டும். ஈலிய அணுக்களிடையே உள்ள கவர்ச்சி மிக நலிந்தது. உலோக அணுக்களையோ அவற்றுக்குப் பொதுவான இலத்திரன்கள் வலிதாகப் பிணைத்து வைத்திருக்கின்றன.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களில் மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகக் கவர்ச்சியும் பெருகும். கனிய எண்ணெயில் உள்ள ஐதரோகாபன்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காபன் அணு கொண்ட மெதேன் பூச்சியத்துக்குக் கீழ் 161 பாகையிற் கொதிக்கின்றது. மூன்று காபன் கொண்ட புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகையில். நான்கு காபன் கொண்ட பியூட்டேன் பூச்சியத்தை அடுத்து. எட்டுக் காபன் கொண்ட ஒற்றேன் 126 பாகையில். கொழும்புக்கு அண்மையில் 1969 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் உயர்ந்த கோபுரங்கள் இவ்வேறுபாட்டையே பயன்படுத்துகின்றன. சூடேற்றிய எண்ணெயின் ஆவி கோபுரத்தில் மேலேறிக் குளிரும்போது, கொதிநிலை உயர்ந்த டீசல் கீழ்த்தட்டிலும், மண்ணெண்ணெய் அதற்கு மேலும், பெற்றோல் இன்னும் மேலும் திரவமாகிப் பிரிகின்றன.

சமையல் எரிவாயுவில் இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகவே ஆயிற்று. அவ்வாயு பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. உருளைக்குள் அது அமுக்கத்தின் கீழ்த் திரவமாக அடங்கியிருக்கின்றது. 30 பாகை வெப்பநிலையிற் தூய பியூட்டேனின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. தூய புரொப்பேனுடையதோ பத்து மடங்குக்கு மேல். குளிர்நாடுகளிற் பனிக்காலத்திற் பியூட்டேன் ஆவியாக மறுப்பதாற் புரொப்பேன் மிகுந்த கலவை பயன்படுகின்றது. வெப்பநாட்டிலே அதே கலவை குழாயிலும் இணைப்பிலும் மிகுந்த அமுக்கத்தை உண்டாக்கும். தளர்ந்த இணைப்புக்கள் கசியும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளிற் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புக்களும் தீவிபத்துக்களும் நிகழ்ந்தன. அவற்றை ஆராய்ந்த நிபுணர் குழு, கலவையிற் புரொப்பேனின் பங்கு மாறியமையையே முக்கிய காரணமாகச் சுட்டியது. கொதிநிலை பற்றிய அறிவு பாடநூலோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூலக்கூற்றின் பருமன் ஒன்றே பிடியைத் தீர்மானிப்பதாயின், உலகில் நீர் என்ற திரவமே இராது. நீரின் மூலக்கூறு மிகச் சிறியது. அதனோடு உறவுடைய ஐதரசன் சல்பைட்டு பருமனிற் பெரியதாயினும், பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகின்றது. அவ்வரிசைப்படி நோக்கினால் நீர் அதற்கும் கீழே கொதித்திருத்தல் வேண்டும். அங்ஙனமாகாது நூறு பாகை வரை நிற்பதற்குக் காரணம் ஐதரசன் பிணைப்பு என்னும் தனிக்கவர்ச்சி. ஒரு நீர் மூலக்கூற்றின் ஐதரசன் அணு, அயலிலுள்ள மூலக்கூற்றின் ஒட்சிசன் அணுவைப் பற்றிக்கொள்கின்றது. இப்பிடி இல்லையேற் கடலும் குளமும் இல்லை, குருதியும் இல்லை, உயிரும் இல்லை.

தூய பொருளின் கொதிநிலை திட்டமானது, கலவையினது அவ்வாறன்று. நீரில் உப்பைக் கரைத்தாற் கொதிநிலை உயரும். ஆனால் ஒரு பாகை உயர்த்துவதற்கே ஒரு கிலோகிராம் நீருக்கு ஏறத்தாழ 58 கிராம் உப்பு வேண்டும். சோற்றுலையில் இடும் ஒரு சிட்டிகை உப்பு சுவைக்கு உதவுமேயன்றிச் சோற்றை விரைவில் வேகவைக்காது. சர்க்கரையின் செய்தி வேறு. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்வோர், நீர் வற்ற வற்றப் பாகு தடிப்பதைக் காண்பர். அப்போது கரைசலின் கொதிநிலை 110 பாகையைக் கடந்து மேலும் ஏறுகின்றது. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டியும், விரலிடையே கம்பி இழுத்தும் பதம் பார்க்கும் கைகள், வெப்பமானி இன்றியே அவ்வெப்பநிலையை அறிகின்றன.

கள்ளைக் காய்ச்சிச் சாராயம் வடித்தல் கொதிநிலை வேறுபாட்டைக் கொண்டு செய்யும் மற்றொரு தொழில். அற்ககோல் நீரினும் எளிதில் ஆவியாவதால் முதலில் எழும் ஆவியில் அதன் பங்கு மிகுதி. ஆயினும் எத்தனை முறை வடித்தாலும், சாதாரண முறையில் நிறைப்படி நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் அற்ககோலைத் தூய்மையாக்க இயலாது. நஞ்சாகிய மெதைல் அற்ககோலின் கொதிநிலை 65 பாகையை அடுத்தது. இரண்டும் நெருங்கியிருப்பதால், மெதைல் அற்ககோல் கலந்த மதுவை வீட்டுப் பாத்திரத்திற் காய்ச்சி நஞ்சை நீக்கிவிடலாம் என்று நம்புதல் பெரும்பிழை. அது கண்ணொளியையும் உயிரையும் பறிக்கும்.

நீரோடு கலவாத எண்ணெய்களின் இயல்பு இன்னும் வியப்பானது. கறுவா எண்ணெயின் முக்கிய கூறுகள் தனித்துக் கொதிக்க ஏறத்தாழ 250 பாகை வேண்டும். அவ்வளவு சூட்டில் அவற்றின் மணமும் குணமும் கெடும். ஆனால் கறுவா இலையை நீராவியிற் காய்ச்சும்போது, நீரின் ஆவியமுக்கமும் எண்ணெயின் ஆவியமுக்கமும் கூடியே காற்றை எதிர்க்கின்றன. அதனால் நூறு பாகைக்குச் சற்றுக் கீழேயே எண்ணெயும் ஆவியாகி வெளிவருகின்றது. இலங்கையின் கறுவா எண்ணெயும் புல்லெண்ணெயும் இம்முறையிலேயே வடிக்கப்படுகின்றன.

வடை பொரியும் தாச்சியிற் காண்பது எண்ணெய் கொதித்தல் அன்று. சமையல் எண்ணெய் கொதிப்பதற்கு முன்னரே புகைந்து சிதையும். அங்கே எழும் குமிழிகள் வடையிலுள்ள நீர் ஆவியாவதால் வருவன. எண்ணெயின் சூடு 180 பாகை அளவில் இருக்க, அதிற் பட்ட நீர் நொடிப்பொழுதில் ஆவியாகின்றது. ஆவியாகும் நீர் தன் கனவளவைப் போல் ஏறத்தாழ 1,600 மடங்காக விரியும். ஆகையாற் தாச்சி தீப்பற்றினால் அதில் நீரை ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. ஊற்றிய நீர் எரியும் எண்ணெயை வாரி இறைத்து வீட்டையே எரிக்கும். அடுப்பை அணைத்து, தாச்சியை இறுகப் பொருந்தும் மூடியால் மூடுதலே வழி.

இனி, கொதித்த நீரெல்லாம் நல்ல நீர் என்ற எண்ணத்தை நோக்குவோம். கொதித்தல் கிருமிகளைக் கொல்லும் என்பது முழு உண்மை. வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல் முதலிய நோய்களின் கிருமிகள் 70 பாகைக்கு மேலேயே விரைந்து அழிகின்றன. நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாற் போதும். நுவரெலியாவின் 94 பாகைக் கொதிநீரும் இப்பணியைச் செவ்வனே செய்யும். வெள்ளத்தின் பின்னும் இடம்பெயர்ந்த காலத்திலும் கொதித்தாறிய நீரே பருகவேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வற்புறுத்துவது இதனாலேயே.

ஆனால் நீரிற் கரைந்துள்ள உப்புக்களின் நிலை என்ன? அவை கொதிநீரின் சூட்டில் ஆவியாவன அல்ல. சமையல் உப்பு கொதிக்க 1,400 பாகைக்கு மேல் வேண்டும். எனவே கொதிக்கும்போது வெளியேறுவது நீர் மட்டுமே. உப்புக்கள் எஞ்சிய நீரிற் செறிகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்திலே வயலுக்கிட்ட உரத்தின் நைத்திரேற்று எளிதாக இறங்கிக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஓர் இலீற்றரில் 40 மில்லிகிராம் உள்ள நீர் இவ்வெல்லைக்கு உட்பட்டதே. அதனை நெடுநேரம் காய்ச்சிப் பாதியாக வற்றவிட்டால் அளவு 80 மில்லிகிராமாகிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறிக் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். குழந்தையின் உடல் நீலம் பூக்கும். தாய் அன்போடு நீண்ட நேரம் காய்ச்சிய நீரே கேடாக முடியும். உலர்வலயக் கிணறுகள் சிலவற்றில் மிகுந்துள்ள புளோரைட்டும் கொதித்தலால் நீங்குவதன்று. கேத்தலின் அடியில் வெண்மையாகப் படியும் சுண்ணாம்பைக் கண்டு, கரைந்த யாவும் அவ்வாறே படிந்து நீங்கிவிடும் என்று கருதலாகாது. கொதிக்கும்போது சிதைந்து கரையாத் தன்மை பெறும் கல்சியம் இருகாபனேற்று ஒன்றே பெரும்பாலும் அவ்வாறு படிகின்றது.

ஆதலின் குடிநீர் வகையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டல் வேண்டும். நீரிற் கிருமி உண்டா என்பது ஒன்று. அதற்குக் கொதித்தல் விடை. நீரிற் கேடான உப்புக்கள் கரைந்துள்ளனவா என்பது மற்றொன்று. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனையே விடை. கைக்குழந்தை உள்ள வீட்டார் தம் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் நன்று. நைத்திரேற்று மிகுந்த நீராயின் குழந்தைக்கு வேறு நீர் தேடுதல் கடன். நல்ல நீராயினும் அதனை ஒரு நிமிடம் கொதிக்கவைத்து இறக்கி, மூடி ஆறவைத்தல் போதுமானது. வற்றக் காய்ச்சுவதால் நன்மை கூடுவதில்லை. கேடு கூடுதலும் விறகு வீணாதலுமே எஞ்சும்.